இருபத்திரண்டு கையெழுத்துகள்

1976 செப்டம்பர் 2, வியாழன்

ஒன்பதாம் வகுப்பு ‘இ’ பிரிவில் ஓடு மாற்றும் வேலை இன்றும் முடியவில்லை. கொத்தனார் வந்தார், ஏணி குட்டையாக இருக்கிறது என்றார், போய்விட்டார். பிள்ளைகளை வராந்தாவில் உட்காரவைத்துக் கணக்கு நடத்தினோம்.

ஆசிரியர் அறையில் ஆவுடையப்பன் சார் பேப்பரைச் சத்தமாக வாசித்தார். அரசியல் சட்டத்தைத் திருத்த நேற்று டெல்லியில் மசோதா கொண்டுவந்திருக்கிறார்களாம். ஐம்பதுக்கு மேல் பிரிவுகள். அதில் ஒரு மூலையில், இதுவரை மாநிலத்தின் பொறுப்பில் இருந்த கல்வி இனி மத்திய அரசுக்கும் பொது என்று இருக்கிறது. சார் வரலாற்று ஆசிரியர். இருபத்தாறு வருடமாகக் குடிமையியல் பாடமும் நடத்துகிறவர்.

“போர்டுல மூணு கட்டம் போடுவேன் டீச்சர். மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல். ராணுவம் அங்க, பள்ளிக்கூடம் இங்க. இப்போ பள்ளிக்கூடத்தைத் தூக்கி மூணாவது கட்டத்துல வைக்கப் போறாங்க.”

“வச்சா என்ன சார்? ஒழுகுத ஓட்டை யாராவது மாத்திக் குடுத்தாச் சரி” என்றேன்.

“மாத்திக் குடுக்கலைன்னா? எம்.எல்.ஏ. வீட்டு வாசல்ல போய் நின்னு சத்தம் போடலாம். டெல்லிக்கு யாரு போவா?”

எல்லாரும் சிரித்தார்கள். ஜனவரியில் சட்டசபையைக் கலைத்த பிறகு எம்.எல்.ஏ.வே இல்லை என்பது சிரித்து முடித்த பிறகுதான் எல்லாருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். நான் மணி அடிக்கச் சொன்னேன்.

செப்டம்பர் 9

கல்வி அலுவலகத்தில் தலைமையாசிரியர் கூட்டம். போக வர பஸ்ஸில் நின்றபடி. கால் வீங்கிவிட்டது.

திருத்தத்தை வரவேற்று ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர்கள் தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்கி அனுப்பினால் நன்றாக இருக்கும் என்று அலுவலர் சொன்னார். சுற்றறிக்கை ஏதும் இல்லை, வாய்மொழிதான். “கட்டாயம்னு நான் சொல்லல. யார் அனுப்பினா, யார் அனுப்பலைன்னு மேல கேப்பாங்க, அவ்வளவுதான்.”

கூட்டம் முடிந்து என்னை மட்டும் நிற்கச் சொன்னார். “பொறுப்புத் தலைமையாசிரியைன்னே எத்தனை நாளைக்குக் கையெழுத்துப் போடுவீங்க? உங்க ஃபைல் என் மேசையிலதான் இருக்கு.”

பதினான்கு மாதமாகிறது. நிரந்தரமாக்கவில்லை என்றால் வருகிற ஜூனில் யாராவது மேலிருந்து வருவார்கள், என்னை வேறு ஊருக்குத் தூக்கி அடிப்பார்கள். என் வீட்டுக்காரருக்கோ இந்த ஊர்த் தபால் நிலையத்தில் இன்னும் மூன்று வருடச் சர்வீஸ் இருக்கிறது.

செப்டம்பர் 13, திங்கள்

மாலை ஆசிரியர் கூட்டம். தீர்மானத்தை நானே எழுதி வாசித்தேன். நாலு வரிதான். இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஓவிய ஆசிரியர் என்ன தாள் என்றுகூடக் கேட்கவில்லை. ஆவுடையப்பன் சார் வாசித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“நான் எதிர்க்கலை டீச்சர். ஆனா இந்த மசோதாவை இதுல யாரு முழுசா வாசிச்சிருக்கோம்? வாசிக்காம வரவேற்கிறோம்னு எப்படிப் போட?”

“சும்மா ஒரு சம்பிரதாயம் சார்.”

“பிள்ளைங்க வாசிக்காம விடை எழுதினா முட்டை போடுதோம்லா?”

கோபமாகச் சொல்லவில்லை. அவர் எதையுமே கோபமாகச் சொல்ல மாட்டார். அதனால்தான் பதில் சொல்ல முடிவதில்லை.

செப்டம்பர் 14

காலை மூன்றாவது பாடவேளை. பதினொன்று ‘அ’ வகுப்பைத் தாண்டிப் போகும்போது கால் வலிக்காக வராந்தாத் தூணில் சாய்ந்து சற்று நின்றேன். உள்ளே ஆவுடையப்பன் சார் பட்டியல்களை நடத்திக்கொண்டிருந்தார். பட்டியலை மாற்ற வேண்டுமென்றால் நாடாளுமன்றம் மட்டும் போதாது, பாதி மாநிலங்களின் சட்டசபைகளும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். பாடப் புத்தகத்தில் உள்ளதுதான்.

முப்பிடாதி எழுந்தாள். வகுப்பில் முதலாவது வருகிற பெண். “சார், நம்ம சட்டசபை ஒத்துக்கிடுமா?”

சாக்பீஸை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர், “நம்ம சட்டசபை பூட்டிக் கிடக்கும்மா. நம்மகிட்ட யாரும் கேக்கப் போறதில்ல” என்றார்.

நான் நகர்ந்துவிட்டேன்.

கொத்தனார் ஏணியுடன் வந்தார். பாதி ஓடு முடிந்தது.

செப்டம்பர் 15

தீர்மானத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தபாலில் அனுப்பியிருக்கலாம்.

அலுவலர் கையெழுத்துகளை விரலால் எண்ணினார். “உங்க ஸ்டாஃப் இருபத்திமூணுல்லா?” என்றார். காப்பி வரவழைத்தார். பேச்சுவாக்கில் இரண்டொன்று சொன்னேன். எழுதிவைக்கும் அளவுக்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வரும்போது ஏழு மணி. இவரே சோறு வடித்து வைத்திருந்தார்.

செப்டம்பர் 20, திங்கள்

அலுவலகத்திலிருந்து குறிப்பாணை. ‘வகுப்பறையில் அரசுக்கு எதிராகப் பேசியதாக ஆசிரியர் திரு. ஆவுடையப்பன் மீது பெயரில்லாப் புகார்க் கடிதம் வந்துள்ளது. தலைமையாசிரியை நேரில் அறிந்ததை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.’ மூன்று நாள் அவகாசம்.

யார் எழுதிப் போட்டிருப்பார்கள்? வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு தகப்பன். யாராகவும் இருக்கலாம்.

செப்டம்பர் 22

மூன்று தடவை எழுதினேன். முதலில் எழுதியதில், மாணவி கேட்ட கேள்விக்குப் பதிலாக, பாடத்தை ஒட்டி அவர் சொன்னார் என்று இருந்தது. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது லோகா. கேள்வி, பாடம் எல்லாம் எதுக்கு? அவருக்கு வக்காலத்து வாங்குத மாதிரி இருக்கு.”

எனக்கும் அது சரியாகப் பட்டது. கேள்வியைச் சேர்த்தால் எந்த மாணவி என்று கேட்பார்கள். அந்தப் பெண்ணை இதில் இழுக்கக் கூடாது. அதனால்தான் எடுத்தேன்.

கடைசியில் அனுப்பியது: ‘14ஆம் தேதி மூன்றாம் பாடவேளையில், நம் சட்டசபை பூட்டிக் கிடக்கிறது, நம்மிடம் யாரும் கேட்கப் போவதில்லை என்று அவர் மாணவர்களிடம் கூறியதை நான் நேரில் கேட்டேன்.’ ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

செப்டம்பர் 28, செவ்வாய்

இரண்டாவது பாடவேளையில் ஜீப் வந்தது. மூன்று பேர். ஒருவர் என் அறைக்குள் வந்து உட்காராமல், “ஆவுடையப்பன் எந்த வகுப்பு?” என்றார். நான் ஆளனுப்பினேன். அவரே வந்தார். சட்டையில் சாக்பீஸ் தூள்.

“காலாண்டுத் தாள் திருத்தி அலமாரியில இருக்கு டீச்சர். ரெண்டு பேருக்குக் கூட்டல் மட்டும் பாக்கணும்” என்றார். பிறகு வந்தவர்களைப் பார்த்து, “வீட்டுல சொல்லிட்டு வந்துரட்டுமா?” என்று கேட்டார். ஒருவர் அவர் தோளில் கைவைத்து ஜீப்பைக் காட்டினார்.

பிள்ளைகள் எல்லா ஜன்னல்களிலும் நின்றார்கள். நான் வெளியே வந்து உள்ளே போங்கள் என்று அதட்டினேன். யாரும் போகவில்லை. ஜீப் போன பிறகு அவர்களாகவே போனார்கள்.

அக்டோபர் 1

அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி பிரமு. பிள்ளை இல்லை. என்னைப் பார்த்ததும் தோளில் விழுந்து அழுதாள். மூன்று நாளாக ஒருவரும் வரவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரி கோலம் போடும்போது நிமிர்ந்து பார்ப்பதில்லையாம்.

“எங்க வச்சிருக்காகன்னே தெரியலையே டீச்சர். எந்தக் களவாணிப் பய மொட்டைக் கடுதாசி போட்டானோ, அவன் வெளங்குவானா?”

ரசமும் அப்பளமும் வைத்து அவளைச் சாப்பிட வைத்தேன். மூன்று நாள் ஆயிற்றாம் அடுப்புப் பற்றவைத்து.

அக்டோபர் 6

மிசா என்கிறார்கள். விசாரணை கிடையாது. எத்தனை மாதம் என்றும் கிடையாது. சிறை எது என்று மட்டும் தெரிந்தது.

மதியம் முப்பிடாதி என் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டேன்.

“நான் கேட்டதுனாலயா டீச்சர் சாரைப் பிடிச்சிட்டுப் போனாங்க?”

“இல்லட்டி. யாரு சொன்னா?”

“எங்கய்யா சொன்னாரு. வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியான்னு அடிச்சாரு.” கன்னத்தில் தடம் தெரிந்தது.

“உன்னால இல்ல” என்றேன்.

“அப்போ யாரால டீச்சர்?”

வகுப்புக்குப் போ என்றேன்.

அக்டோபர் 17, ஞாயிறு

பிரமுவோடு சிறைக்குப் போனேன். மனு கொடுத்து வாசலில் நாலு மணி நேரம் நின்றோம். குடையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டோம். கடைசியில் அவளை மட்டும் பத்து நிமிடம் விட்டார்கள். திரும்பி வந்தவள், “மெலிஞ்சிட்டாக. ஆனா பேசுதாக” என்றாள். பஸ்ஸில் என் மேல் சாய்ந்து தூங்கினாள்.

நான் உள்ளே போகாதது நல்லதாயிற்று.

அக்டோபர் 22

தீபாவளி. மழை. பலகாரம் ஒன்றும் செய்யவில்லை. இவர் கடையில் வாங்கி வந்த லட்டில் நாலைப் பிரமுவுக்குக் கொடுத்தேன்.

நவம்பர் 3

மக்களவையில் நிறைவேறிவிட்டது என்று பேப்பரில் இருக்கிறது. ஆசிரியர் அறையில் பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

நவம்பர் 12, வெள்ளி

நிரந்தர ஆணை வந்துவிட்டது. இவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு ஆணையை இரண்டு தடவை வாசித்தார். ஆசிரியர்கள் மாலை வாங்கி வைத்திருந்தார்கள். வேண்டாம் என்றால் தப்பாக நினைப்பார்கள். போட்டுக்கொண்டேன்.

நன்றி சொல்ல அலுவலகத்துக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். புறப்படும்போது ஏனோ வாயில் வந்துவிட்டது. “சார், அந்தப் புகார்க் கடிதம் யார் எழுதினதுன்னு கடைசி வரைக்கும் தெரியலையா?”

“எந்தக் கடிதம்?”

“ஆவுடையப்பன் சார் விஷயமா வந்தது.”

அவர் சிரித்தார். “கடிதம் எங்க வந்தது டீச்சர்? நீங்க அன்னைக்குக் காப்பி குடிச்சிக்கிட்டே சொன்னீங்கல்லா, அதுதான். ஃபைலை எங்கயாவது ஆரம்பிக்கணுமே. உங்க பேரு முதல்லயே வரக்கூடாதுன்னுதான் அப்படிப் போட்டோம்.” எனக்கு நல்லது செய்ததுபோலச் சொன்னார்.

வெளியே வந்தேன். எந்த பஸ்ஸில் ஏறினேன் என்று நினைவில்லை.

நவம்பர் 13

என்ன சொன்னேன் என்று இப்போது எழுதுகிறேன். ‘அவர் ஒருத்தர்தான் சார் கையெழுத்துப் போடலை. வகுப்புலயும் அப்படித்தான் பேசுதாரு. நேத்து என் காதாலேயே கேட்டேன்.’ இவ்வளவுதான். காப்பியில் சர்க்கரை அதிகமாக இருந்தது.

நவம்பர் 14

ஒன்றுமில்லை.

நவம்பர் 28, ஞாயிறு

பிரமு வீடு. முருங்கைக்கீரை உருவிக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “கூடப் பிறந்தவகூட எட்டிப் பாக்கலை. நீங்க இல்லைன்னா நான் கெணத்துல விழுந்திருப்பேன் டீச்சர்” என்றாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்று போனேன். கீரை முழுவதும் உருவி முடிந்தது. வந்துவிட்டேன்.

டிசம்பர் 8

அரையாண்டு வினாத்தாள் பார்வைக்கு வந்தது. வரலாற்றுக்கு ஆள் போடவில்லை. தமிழாசிரியர்தான் பார்த்துக்கொள்கிறார். ‘கல்வி எந்தப் பட்டியலில் உள்ளது?’ என்று ஒரு மதிப்பெண் வினா.

“இதுக்கு எதைச் சரின்னு திருத்தணும் டீச்சர்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியையே எடுத்துவிடச் சொன்னேன்.

முப்பிடாதி வகுப்பில் இப்போது எதுவும் கேட்பதில்லையாம். மாதத் தேர்வில் நாலாவது இடத்துக்கு வந்துவிட்டாள்.

1977 ஜனவரி 3, திங்கள்

பள்ளி திறந்த நாள். திருத்தம் இன்று முதல் நடைமுறைக்கு வருகிறது என்று ரேடியோவில் சொன்னதாக இவர் சொன்னார். கூட்டு வழிபாட்டில் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். சாப்பிடாமல் வந்தவர்கள். வேறு விசேஷம் இல்லை.

ஜனவரி 19

தேர்தல் வரப்போகிறதாம். ஆசிரியர் அறையில் நாலு மாதத்துக்குப் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் உள்ளே நுழைந்ததும் நிறுத்தினார்கள்.

பிடித்தவர்களை விடுகிறார்கள் என்று பேச்சு.

ஜனவரி 31

ஆவுடையப்பன் சார் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். பிரமு பள்ளிக்கே ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள். உடனே வரச் சொல்லி.

தலைவலி என்று சொல்லியனுப்பினேன்.

பிப்ரவரி 6, ஞாயிறு

இதற்கு மேல் தள்ள முடியாது. காலை பத்து மணிக்குப் போனேன். பிரமு என்னைக் கட்டிக்கொண்டாள். “இவுகளைப் பாருங்க டீச்சர், பாதி ஆளாத்தான் குடுத்திருக்காங்க” என்றாள். அவர் நாற்காலியில் இருந்தார். தலை முழுவதும் வெளுத்துவிட்டது. எழுந்திருக்க முயன்றார். வேண்டாம் என்றேன். பிரமு காப்பி போட அடுக்களைக்குப் போனாள்.

“சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“தெரியும் டீச்சர்.”

“இல்ல, நான்…”

“நீங்க எழுதிக் குடுத்ததை முதல் நாளே காட்டிட்டாங்க. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?” அவர் குரலைத் தாழ்த்தினார். “சட்டசபை பூட்டிக் கிடக்குன்னு நான் சொன்னது வாஸ்தவம்தான். அந்தப் பிள்ளை கேட்டதை விட்டுட்டீங்க. அதுதான் ஏன்னு உள்ள இருக்கும்போது யோசிச்சிக்கிட்டே இருந்தேன்.”

அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

“அவகிட்ட சொல்லலை” என்று அடுக்களைப் பக்கம் கண்ணைக் காட்டினார். “மனு போட்டுப் பாக்க வந்தப்போ, லோகாம்பாள் டீச்சர்தான் கூட வந்திருக்காக, அவுகதான் எனக்கு எல்லாம்னு சொன்னா. வேற ஒருத்தரும் எட்டிப் பாக்கலைன்னு சொன்னா. அந்த ஒரு ஆளும் இல்லாமப் போயிரக்கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம். முடிஞ்சது முடிஞ்சு போகட்டும்.”

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். அவர் எனக்காகக் கேட்கவில்லை, அவளுக்காகக் கேட்டார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மார்பில் ஏறி உட்கார்ந்திருந்ததை இறக்கிவைத்தால் போதும் என்றிருந்தது. அடுக்களைக்குள் போய் பிரமுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அலுவலர், காப்பி, நான் எழுதிய வரி, எடுத்துவிட்ட வரி, எல்லாம்.

பால் பொங்கி வழிந்தது. அவள் அடுப்பை அணைக்கவில்லை. நான்தான் அணைத்தேன்.

“ஜெயில் வாசல்ல நிக்கும்போதும் தெரியுமா டீச்சர்?”

“அப்போ நான்தான் ஆரம்பிச்சு வச்சேன்னு தெரியாது. எழுதிக் குடுத்தது தெரியும்.”

“தீவாளிக்கு லட்டு கொண்டாந்தப்போ?”

“தெரியும்.”

அவள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இவுக போனப்போகூட எனக்குன்னு ஒரு ஆளு இருக்குன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்” என்றாள். “இவுகதான் வந்துட்டாகல்லா. இதை எங்கிட்ட எதுக்குச் சொன்னீங்க? அந்த நாலு மாசத்தையும் இப்போ எடுத்துட்டுப் போறீங்களே.”

பின்னால் ஆவுடையப்பன் சார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றிருந்தார். “சொல்ல வேண்டாம்னேனே டீச்சர்” என்றார். என்னைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் நின்றார். நான் வெளியே வந்தேன்.

பிப்ரவரி 7, திங்கள்

அவரை இன்னும் பணியில் சேர்க்கவில்லை. என் வாக்குமூலம் இருக்கிறவரை சேர்க்க மாட்டார்கள் என்று எழுத்தர் சொன்னார்.

மதிய இடைவேளையில் அறையைத் தாழிட்டுக்கொண்டு எழுதினேன். மாணவி கேட்ட கேள்வி. பதில் பாடத்தில் உள்ளது. இதை முதல் வாக்குமூலத்தில் வேண்டுமென்றே விட்டேன். புகார்க் கடிதம் எதுவும் வரவில்லை என்று அலுவலரே என்னிடம் சொன்னார். முதலில் சொன்னது நான். மூன்று பக்கம். கல்வி இயக்குநருக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று. என் பதவியின் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். இனி எத்தனை நாளைக்கு அப்படிப் போடுவேனோ தெரியாது.

முப்பிடாதியைக் கூப்பிட்டு, உன்னால் இல்லை, என்னால்தான் என்று சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சரி டீச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

தபால் நிலையத்தில் இவரே கவுண்டரில் இருந்தார். கிளார்க் விடுப்பு. வரிசையில் நின்று, இரண்டு உறைகளையும் நீட்டினேன். பதிவுத் தபால் என்றேன். இவர் முகவரியை வாசித்தார். மேலே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி முகவரியை வாசித்தார்.

“வேண்டாம் லோகா” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் கையை எடுக்கவில்லை.

இவர் உறைகளை வாங்கினார். எடை பார்த்தார். முத்திரையை இரண்டு தடவை குத்தினார். ரசீது எழுதிக் கம்பி வழியாக என் பக்கம் தள்ளிவிட்டு, என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் நின்றவரிடம், “அடுத்து யாரு?” என்றார்.